சைக்கிள் பக்கம்: புதுச் சில்லுக்கு முதல் 200 கிலோமீற்றர்

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் சைக்கிள் வாங்கியவர்கள் கொழும்பில் நிறையப் பேர். அந்தச் சைக்கிள்களின் சில்லுகள் தேய்ந்து, மாற்றும் காலம் வந்துவிட்டது போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதுச் சில்லைப் பற்றியவை. செயின், கியர் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன். இம்முறை சில்லு மட்டும்.

கேள்வி: டாம் வீதியில் என் சைக்கிளுக்குப் புதிய பின்சில்லு போட்டேன். ஏறி ஓடத் தொடங்கியதும் சில்லுக்குள்ளிருந்து 'டிங், டிங்' என்று ஐந்தாறு தடவை சத்தம் வந்தது. கம்பி உடைந்துவிட்டது என்று பயந்து இறங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலிமுகத்திடலுக்கு வரும்போது சத்தம் நின்றுவிட்டது. சில்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா அண்ணா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம் தங்கச்சி. அது புதுக் கம்பி முறுக்கு விடுகிற சத்தம்.

கம்பியின் நுனியில் இருக்கும் நிப்பிளைச் சாவியால் திருகும்போது, நிப்பிளோடு சேர்ந்து கம்பியும் கொஞ்சம் முறுகும். ஈரத் துணியைப் பிழியும்போது முறுகுவதைப் போல. சில்லு பூட்டி முடிந்த பிறகும் அந்த முறுக்கு கம்பிக்குள்ளேயே இருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டும்போது, தரைக்கு நேரே வருகிற கம்பி ஒரு கணம் தளரும். அந்தக் கணத்தில் முறுக்கு விட்டுப்போகும். அதுதான் 'டிங்'. கை தேர்ந்தவர்கள் நிப்பிளை வேண்டிய அளவுக்குச் சற்றுக் கூடத் திருகி, பிறகு அந்தக் கூடுதலைத் திருப்பி எடுப்பார்கள். அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டு இரண்டாகக் கையால் பிடித்து நன்றாக நெரிப்பார்கள். அப்படிச் செய்த சில்லு ஓட்டத்தில் சத்தம் போடாது. சனநெரிசலான கடையில் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

சத்தம் நின்றதோடு விஷயம் முடியவில்லை, இதைக் கவனியுங்கள். முறுக்கு விட்ட கம்பியின் இறுக்கம் சிறிது மாறியிருக்கும். அதோடு, நடுவில் உள்ள குடத்தில், கடையில் ஹப் என்பார்களே, அதன் துளைகளில் கம்பியின் வளைவுகள் இன்னும் சரியாகப் படிந்திருக்காது. ஓட ஓடத்தான் படியும். படியும்போது இறுக்கம் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே புதுச் சில்லைக் கடையில் பாதி வேலை முடிந்த சில்லு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியை உங்கள் முதல் 200 கிலோமீற்றர் செய்யும்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வந்தால் நாளுக்குச் சுமார் 15 கிலோமீற்றர். அப்படியானால் மூன்று வாரத்துக்குள் 200 வந்துவிடும். அந்த நாட்களில் குழியையும் கான் மூடியையும் பார்த்து ஓட்டுங்கள். தவிர்க்க முடியாத குழி வந்தால் சீற்றிலிருந்து எழும்பி, முழங்காலை மடக்கி, பாரத்தைக் காலுக்குக் கொடுங்கள். கரியரில் ஆள் ஏற்ற வேண்டாம். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் அச்சின் இரண்டு நட்டையும் ஒரு தடவை சாவி போட்டுப் பாருங்கள். புது நட்டு முதல் நாளிலேயே இளகுவதுண்டு.

50 கிலோமீற்றர் ஓடியதும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, செயின் இருக்கும் வலப்பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். இடப்பக்கம் தனியாகத் தட்டுங்கள். அது வலப்பக்கத்தை விடத் தாழ்ந்த சுருதியில் இருக்கும், அது இயல்பு. ஒரு பக்கத்துக்குள்ளேயே ஒரு கம்பி மட்டும் 'தொப்' என்று செத்த சத்தம் போட்டால் அதுதான் தளர்ந்த கம்பி. அந்த இடத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, சில்லைப் பூட்டிய அதே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 200 ஆனதும் ஒரு தடவை முழுதாக நெளிவு எடுக்கச் சொல்லுங்கள், அதாவது கம்பிகளைத் திருகிச் சில்லின் ஆட்டத்தைச் சரிசெய்வது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்தால் போதும்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை செய்கிறேன். பின்னால் பெரிய பெட்டி. புதுச் சில்லு போட்டு நாலு மாதத்தில் ஐந்து கம்பி உடைந்துவிட்டது. எல்லாம் பின்சில்லில், செயின் பக்கம், ஹப்போடு சேரும் வளைவில். "இறுக்கம் கூடிப்போச்சு, அதுதான் உடையுது" என்று சொல்லி எல்லாக் கம்பியையும் தளர்த்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் கெதியாக உடைகிறது.
(ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, தளர்த்தியதுதான் பிழை. இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிறவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள்: ஓடுகிற சில்லில் கம்பியை உடைப்பது பெரும்பாலும் தளர்வுதான்.

ஒரு கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. ஆனால் அதே இடத்தில் மடித்து மடித்து நிமிர்த்தினால் கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். சில்லுக் கம்பியும் அப்படித்தான் சாகிறது. 26 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் உருளும். ஒரு கிலோமீற்றருக்கு 500 சுற்றுக்குக் கிட்ட. நீங்கள் நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் ஒவ்வொரு கம்பியும் தினமும் 20,000 தடவை அடிப்பக்கம் வந்து, தளர்ந்து, மீண்டும் இறுகுகிறது. நல்ல இறுக்கத்தில் இருக்கும் கம்பி, தளர்கிற நேரத்திலும் வளைவை ஹப்பின் துளையோடு இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். தளர்வான கம்பிக்கு அந்தப் பிடி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் துளைக்குள் அசைந்து, வளைவு மடிந்து நிமிரும். நீங்கள் சொல்கிற அதே இடத்தில்தான் உடையும்.

என் பெரியப்பாவுக்குச் சுன்னாகத்தில் சைக்கிள் கடை. பக்கத்து ஊர் இணுவில், தவில்காரரின் ஊர். அவர்கள் தவிலுக்கு வார் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வரும்படி பெரியப்பா எனக்குச் சொல்லுவார். ஒரு வாரை மட்டும் இழுத்துவிட்டு விடமாட்டார்கள். சுற்றிச் சுற்றி, எல்லா வாரும் ஒரே பாரத்தை எடுக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். சில்லும் அதே வேலைதான். இறுக்கம் போதுமானதாக இருக்க வேண்டும், அதைவிடச் சமமாக இருக்க வேண்டும். நாலு கம்பி பாரம் எடுத்து, நடுவில் ஒன்று சும்மா நின்றால் முதலில் உடைவது அந்தச் சும்மா நிற்கிற கம்பியோ அதன் பக்கத்துக் கம்பியோதான்.

சாதாரண அலுமினிய ரிம்மில், பின்சில்லின் செயின் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 100 முதல் 120 கிலோ இழுவையில் இருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நல்ல கம்பிக்கு அது தாங்கக்கூடிய பாரம். இடப்பக்கம் அதில் பாதிக்குச் சற்றுக் கூட இருக்கும். பல்லுச் சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக ஹப்பின் வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன, ரிம்மை நடுவில் வைத்திருக்கக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. பொதுவாக எல்லாவற்றையும் தளர்த்தினால், முதலே குறைவாக இருந்த இடப்பக்கம் வெறும் அலங்காரமாகிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். செயின் எப்போதாவது பெரிய பல்லுச் சக்கரத்தைத் தாண்டிக் கம்பிக்குள் விழுந்ததா? விழுந்திருந்தால் வலப்பக்கக் கம்பிகளின் வளைவுக்கு மேலே கீறல் இருக்கும். விரலால் தடவினால் தெரியும். கீறிய கம்பி கீறிய இடத்தில்தான் அறும்.

இப்போது செய்ய வேண்டியது: ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து உடைந்துவிட்டது என்றால் மற்றவையும் தங்கள் ஆயுளில் பாதியைச் செலவழித்துவிட்டன. ஹப் நன்றாக இருந்து, ரிம்மிலும் அடி இல்லையென்றால் இரண்டையும் வைத்துக்கொண்டு கம்பி முழுவதையும் புதிதாகப் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத உருக்குக் கம்பி, பித்தளை நிப்பிள். ரிம்மும் ஹப்பும் 36 துளையாக இருந்தால் உங்கள் வேலைக்கு மிக நல்லது. பூட்டுகிறவருக்குக் கூலி கொஞ்சம் கூடக் கொடுத்து, கம்பிகளை நெரித்துப் படிய வைத்து, பிறகு மறுபடி நெளிவு எடுக்கச் சொல்லுங்கள். கம்பி உடைந்து ஓடாமல் இழக்கும் நாட்கள் மிச்சமாவதில் அந்தக் கூலி உங்களுக்குத் திரும்பி வரும்.

வழியில் ஒரு கம்பி உடைந்தால், தொங்கும் துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, பிரேக்கை விரித்துவிட்டு, மற்றப் பிரேக்கை நம்பி மெதுவாக வீட்டுக்கு வரலாம். 36 கம்பிச் சில்லு அதைத் தாங்கும். 20 கம்பி மட்டுமே உள்ள பந்தயச் சில்லில் அப்படிச் செய்ய வேண்டாம், இறங்கி உருட்டுங்கள்.

கேள்வி: அங்கிள், நான் 7ஆம் வகுப்பு. என் சைக்கிள் கம்பியைக் கையால் வளைக்கலாம். அவ்வளவு மெல்லிய கம்பி எப்படி என்னையும் தங்கையையும் தாங்குகிறது?
(ஒரு மாணவி, தெஹிவளை)

பதில்: நல்ல கேள்வி மகள். மாட்டுவண்டிச் சில்லைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் தடித்த மர ஆரக்கால்கள் இருக்கும். பாரம் கீழே இருக்கும் ஆரக்காலின் மேல் தூணில் நிற்பது போல நிற்கிறது. சைக்கிள் கம்பி தூணாக நிற்காது, நின்றால் வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். நீங்கள் ஏறும்போது கீழே இருக்கும் மூன்று நாலு கம்பிகளின் இழுவை குறைகிறது. குறைந்தாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியிருக்கும் வரை கம்பி வளையாது, சில்லும் வட்டமாகவே இருக்கும். அதற்காகத்தான் மேலே உள்ள அண்ணாவுக்கு இறுக்கம், இறுக்கம் என்று எழுதினேன்.

கம்பிகள் நேராக நடுவை நோக்கிப் போகாமல் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போவதைக் கவனியுங்கள். பெடலை மிதிக்கும்போது ஹப் திரும்பி ரிம்மை இழுக்க அந்தச் சரிவு உதவுகிறது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1874இல் அப்படிச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். காற்று அடைத்த டயர் அதற்குப் பிறகுதான், 1888இல், பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லப் செய்தது. அந்த டயருக்கு வேண்டிய இறப்பர் இலங்கைக்கு வந்தது அதற்கும் முன்னால். 1876இல் இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹெனரத்கொடை தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. அப்பாவோடு ரயிலில் போய்ப் பார்க்கலாம்.

தங்கையை ஏற்றுவதென்றால் கரியரில் சரியான இருக்கையும் கால் வைக்க இடமும் இருக்க வேண்டும். அவளுடைய கால் கம்பிக்குள் போகாதபடி மறைப்பும் பூட்டச் சொல்லுங்கள். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மரைன் டிரைவில் வீடு. சைக்கிளைப் பல்கனியில் வைக்கிறேன். போட்டு ஆறு மாதம்கூட ஆகாத சில்லில் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. தேங்காய் எண்ணெய் பூசினேன். இப்போது கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறது.
(ஒரு வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: தேங்காய் எண்ணெய் தலைக்கும் சட்டிக்கும் நல்லது. கம்பியில் பூசினால் வீதித் தூசியையும் கடல் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு பசையாகிவிடும். பழைய துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து எடுங்கள். பிரேக் கட்டை படும் ரிம்மின் பக்கங்களில் எந்த எண்ணெயும் படக்கூடாது. பட்டால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள்.

கடற்கரைக் காற்றில் கம்பியை விட நிப்பிள்தான் எனக்குக் கவலை. கம்பி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். நிப்பிள் உள்ளே இறுகிப் பிடித்துவிட்டால், நெளிவு எடுக்கப் போகும் நாளில்தான் தெரியவரும். சாவி போட்டால் நிப்பிளின் மூலைகள் மழுங்கும், கம்பி முறுகும், நிப்பிள் திரும்பாது. அலுமினிய நிப்பிள் உப்பில் வெள்ளையாகப் பூத்து உடையவும் செய்யும். கடலோரம் இருப்பவர்கள் பித்தளை நிப்பிள் கேட்டு வாங்க வேண்டும்.

வாரம் ஒரு முறை ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். மாதம் ஒரு முறை தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி, நிப்பிளுக்குள் கம்பி நுழையும் இடத்தில். இன்னொரு துளி, நிப்பிள் ரிம்முக்குள் நுழையும் இடத்தில். சில்லைச் சுற்றிவிட்டு மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். 36 கம்பிக்கு 10 நிமிடம் எடுக்கும். பல்கனியில் கடல் பார்க்கும் பக்கத்தை விட்டு, வீட்டுக்குள் ஒரு சுவரில் கொக்கி அடித்துத் தொங்கவிட முடியுமானால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வீதிக்குக் கொண்டுவரும் உப்பைச் சைக்கிள்காரர் எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: சிறு நெளிவை நானே எடுக்கப் பழக வேண்டும். எங்கே தொடங்குவது?
(ஒரு வாசகர், வத்தளை)

பதில்: இதைக் கேட்டு எழுதியதற்கு நன்றி. இந்த வேலை கைக்கு வந்துவிட்டால் சைக்கிளே வேறொன்றாகத் தெரியும்.

முதலில் நிப்பிளுக்கு அளவான சாவி வாங்குங்கள். ஆடுகிற சாவியும் குறடும் நிப்பிளைக் கெடுக்கும். எல்லா நிப்பிளுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, பின்கவரில், அதாவது பின்சில்லைப் பிடித்திருக்கும் குழாயில், ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடும் தொடாததாக இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். சில்லை மெதுவாகச் சுற்றினால் ரிம் எங்கே வந்து உரசுகிறது என்று தெரியும். அந்த இடத்தில் சோக்கட்டியால் கோடு போடுங்கள்.

ரிம் இடப்பக்கம் வந்தால், அந்தக் கோட்டுக்குள் உள்ள வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். வலப்பக்கம் வந்தால் மாறி. கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். கால் சுற்று என்பது கம்பியில் 0.1 மில்லிமீற்றர் அளவுதான், ஆனால் ரிம்மில் அது நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில் எல்லாரும் தடுமாறுவார்கள். டயர் பக்கம் நின்று நிப்பிளின் தலையைப் பார்ப்பதாக நினையுங்கள், அங்கிருந்து வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். கவிழ்த்து வைத்த சைக்கிளில், ரிம்மின் மேற்பாதிக் கம்பிகளை மேலேயிருந்து குனிந்து பார்த்தால் அதே பார்வை கிடைக்கும். ஆகவே வேலை செய்யும் கம்பியை எப்போதும் மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டு திருகுங்கள்.

மிகப் பெரிய நெளிவைத் தொட்டுக் குறைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே இடத்தில் நின்று முழுதாகத் தீர்க்கப் பார்த்தால் எதிர்ப்பக்கம் புது நெளிவு வரும். இரண்டு சுற்று வேலை செய்ததும் கம்பிகளை இரண்டு இரண்டாக நெரித்துவிட்டு மறுபடி பாருங்கள். 1 மில்லிமீற்றருக்குள் வந்துவிட்டால் நிறுத்துங்கள். வீதியில் ஓடுகிற சைக்கிளுக்கு அது போதும்.

சில்லு பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் துள்ளினால், அல்லது ரிம்மின் விளிம்பு குழியில் அடிபட்டு மடிந்திருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். மடிந்த உலோகத்தைக் கம்பி இழுத்து நிமிர்த்தாது. முதல் தடவை முன்சில்லில் பழகுங்கள். அதில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே இறுக்கம் என்பதால் காதும் கையும் சீக்கிரம் பழகும்.

கேள்வி: புதுச் சில்லு, புது டியூப். ஒரு மாதத்தில் மூன்று தடவை காற்றுப் போய்விட்டது. டயரில் முள்ளும் இல்லை, கண்ணாடியும் இல்லை.
(ஒரு வாசகர், மருதானை)

பதில்: டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? ரிம் பக்கம், உட்புறத்தில் இருந்தால் காரணம் சில்லுக்குள் இருக்கிறது. ரிம்முக்குள் சுற்றியிருக்கும் நாடா விலகியிருக்கும், அல்லது அளவு கூடிய கம்பியின் நுனி நிப்பிளைத் தாண்டி மேலே வந்திருக்கும். விரலால் அல்ல, பஞ்சால் தடவிப் பாருங்கள், கூர் இருந்தால் பஞ்சு மாட்டும். நுனியை அரத்தால் ராவிவிட்டு, ரிம்மின் அகலத்துக்குச் சரியான துணி நாடா சுற்றுங்கள்.

ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக இருந்தால் காற்றுக் குறைவு. குழியின் விளிம்பில் மோதி டியூப் ரிம்முக்கும் வீதிக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து வாரம் ஒரு தடவை காற்று அடியுங்கள். அந்த நசுங்கல்தான் ரிம்மையும் மடிக்கிறது.

கேள்வி: புது முன்சில்லை வெறும் கையால் சுற்றினால் ஏதோ மணல் அரைபடுவது போல இருக்கிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள்.
(ஒரு வாசகி, மட்டக்குளி)

பதில்: ஓட ஓடக் கெட்டுப்போகும், சரியாகாது. மலிவான புது ஹப்புகளில், அச்சில் உள்ள கோன் என்ற கூம்பு நட்டை அளவுக்கு மேல் இறுக்கி, கிறீஸைக் கஞ்சத்தனமாகப் பூசி அனுப்புவது வழக்கம். அப்படியே ஓட்டினால் போல்ஸ், அதாவது உள்ளே உருளும் உருக்குக் குண்டுகள், கோனில் பள்ளம் பறிக்கும். பிறகு ஹப்பையே மாற்ற வேண்டும். ஒரு தடவை கழற்றி, துடைத்து, நிறைய கிறீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். முன் ஹப்புக்கு வழக்கமாகப் பக்கத்துக்கு 10 சிறிய போல்ஸ், பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு 9 பெரிய போல்ஸ். பூட்டும்போது எண்ணச் சொல்லுங்கள், ஒன்று உருண்டு போவது சாதாரணம். பூட்டி நட்டை இறுக்கிய பிறகு ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது, சுற்றினால் அரைபடவும் கூடாது. மழை நாளில் ஹப் மூழ்கும் தண்ணீரில் ஓட்ட நேர்ந்தால் அந்த வாரமே திறந்து கிறீஸ் மாற்றுங்கள். முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

கேள்வி: டிஸ்க் பிரேக் உள்ள புதுச் சில்லு. பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, கத்துகிறது.
(ஒரு வாசகர், நுகேகொடை)

பதில்: புதுத் தட்டும் புதுக் கட்டையும் இன்னும் பழகவில்லை. சனமில்லாத நேரம் ஒரு சமதரை வீதிக்குப் போய், நல்ல வேகத்தில் வந்து, சீராகப் பிரேக் பிடித்து நடை வேகத்துக்குக் குறையுங்கள். சில்லு இறுகி நிற்க விட வேண்டாம். 20 தடவை செய்யுங்கள். கட்டையின் பொருள் தட்டில் மெல்லிய படலமாகப் படிந்ததும் பிடி வரும். தட்டை விரலால் தொடாதீர்கள், நான் மேலே சொன்ன எண்ணெய் வேலை எதையும் தட்டுக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் 28 அங்குல ராலி சைக்கிள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்திருக்கிறது. சில்லுகள் துருப்பிடித்துக் கம்பிகள் பாதி இல்லை. காட்டிய இடத்தில் சில்லை எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை.
(ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: எறிய வேண்டாம் ஐயா. பின்சில்லின் துளைகளை எண்ணிப் பாருங்கள். பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 இருப்பது வழக்கம். பாரம் பின்னால் என்று தெரிந்து செய்த கணக்கு அது.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது, எங்கள் வீட்டில் எடுக்க முடிந்த எல்லாவற்றையும் அப்படி ஒரு சைக்கிளில் கட்டி, கோப்பாய்–கைதடி வீதியில் மழைக்குள் உருட்டிக்கொண்டு போனோம். ஒரு சாக்கு அரிசி, பாத்திரங்கள், மேலே ஆச்சி. விடிவதற்குள் மூன்று கம்பி அறுந்துவிட்டது. பெரியப்பா அறுந்ததை மற்றக் கம்பியில் சுற்றிவிட்டு உருட்டினார். மிச்சம் 37 கம்பி சாவகச்சேரி வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது.

ஹப்பைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்து உருக்கு ஹப்புகளில் கிறீஸ் காய்ந்திருந்தாலும் உள்ளே பெரும்பாலும் பழுது இருக்காது. கோனும் போல்ஸும் மாற்றினால் மறுபடி ஓடும். ரிம்மில் துரு மேலால் மட்டும் இருந்தால் தேய்த்து எடுக்கலாம். நிப்பிள் துளைகளைச் சுற்றி உலோகம் பொரிந்திருந்தால் ரிம் போய்விட்டது, அதே துளை எண்ணிக்கையில் வேறு ரிம் தேட வேண்டும். 40 துளை ரிம் எல்லாக் கடையிலும் இருக்காது. டாம் வீதியில் பழைய இருப்பு வைத்திருக்கும் கடைகளில் பொறுமையாகக் கேளுங்கள்.

சில்லைப் பிரிக்கும்போது ஒரே பக்கத்துக் கம்பிகளை முழுதாகக் கழற்றாதீர்கள், ரிம் முறுகிவிடும். எல்லா நிப்பிளையும் ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று என்று சமமாக இளக்கிக்கொண்டு போங்கள். கழற்றுவதற்கு முன் கம்பிகள் எங்கே எதைத் தாண்டி, எதன் கீழே போகின்றன என்று கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் முன்சில்லுக் கம்பியில் நேரானது ஒன்று, பின்சில்லுக் கம்பியில் நேரானது ஒன்று, நிப்பிளோடு சேர்த்துத் துடைத்து ஒரு கடதாசியில் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள். புதுக் கம்பி வாங்கப் போகும்போது கடைக்காரருக்கு அந்த இரண்டையும் நீட்டினால் போதும்.